சுவரைப் பார்த்துச் சாப்பிட்ட நாட்கள்

1

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் மகள் கோமதி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"அம்மா! நாப்பத்தி நாலு பவுண்டு! அம்மா! நாப்பத்தி நாலு!"

பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்திருந்தாராம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, பல்லைப் பார்த்து, கண்ணை இழுத்துப் பார்த்து, தராசில் ஏற்றி நிறுத்தார்களாம். இந்த ஈப்போ ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் மட்டும் பன்னிரண்டு வீடு. அந்த நேரத்தில் எல்லா வாசலிலும் ஆள் நிற்கும். அத்தனை பேர் காதிலும் விழும்படி தன் எடையைத் தானே ஏலம் போட்டுக்கொண்டு வருகிறாள். போய் வாயைப் பொத்தி உள்ளே இழுத்து வந்து, முதல் வேலையாக உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன்.

"என்னட்டி, இதையெல்லாம் ஊருக்குச் சொல்லுவாகளா?"

"ஏன்? எங்க கிளாஸ்ல நான்தான் மூணாவது. மெய் லிங்கூட முப்பத்தொம்பதுதான்."

"அதுக்கு? கண்ணு பட்டிரும்லா."

"தாப்பாம்மா" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையைத் திறந்தாள். இங்கே பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் சொல்லுகிற மலாய் வார்த்தை அது. பரவாயில்லை என்று அர்த்தம். என்னுடைய பதற்றம் எல்லாமே அவளுக்குத் தாப்பாதான்.

சாப்பிட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினாள். இங்கே எதற்கும் ஒரு தாள் உண்டு. பெயர், அப்பா வேலை, அம்மை குத்திய விவரம், குடற்பூச்சி மருந்து கொடுத்ததா, இப்படி ஒரு பக்கம் நிறையக் கேள்வி. இங்கிலீஷில் இருந்ததை அவளே வாசித்துத் தமிழில் சொன்னாள். கடைசியில் ஒரு கேள்வி: குழந்தைக்கு முன்பு பெரிய சீக்கு ஏதாவது வந்ததுண்டா?

"என்னம்மா போடட்டும்? எஸ்ஸா, நோவா?"

அவள் பென்சிலை உதட்டில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நோ போடு" என்றேன்.

பொய்யில்லை. அவளுக்கு வந்தது சீக்கு இல்லை. ஆனால் பதினோரு மாதத்தில் அவள் சாவின் பக்கத்தில் போய்த் திரும்பினாள். அதற்கு எந்தத் தாளிலும் பெயர் இருக்காது. அதைச் செய்தவள் நான். ஊரில் இதை வாசிக்கிற பெண்கள் யாராவது என்னைப் போல இருந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. கவலைப்படுவதில் மட்டும் மேற்படிப்பு. பிள்ளை ஒரு தரம் தும்மினால் சளி, இரண்டு தரம் தும்மினால் மாந்தம். தும்மவே இல்லையென்றால், ஏன் இன்னும் தும்மவில்லை என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். இந்தப் பயம் எனக்குப் பிறவியில் வந்ததில்லை. என் மூத்த பிள்ளை போன பிறகு வந்தது.

மூத்தவன் பையன். என் வீட்டுக்காரர் யுத்தம் முடிந்த மறுவருஷம் மலாயாவிலிருந்து லீவில் சங்கரன்கோவிலுக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, நான்கு மாதத்தில் கப்பலேறிவிட்டார். பையன் பிறந்ததும் அவருக்குக் கடிதத்தில்தான் தெரியும்; போனதும் கடிதத்தில்தான் தெரியும். நடுவில் ஐந்தரை மாதம். அவன் முகம் எப்படி இருந்தது என்று இன்றைக்கும் சில நேரம் என்னிடம் கேட்பார்.

அம்பாளின் ஆடித்தபசுத் திருநாளுக்கு எங்கள் ஊர் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் மட்டும் சிவகிரியிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் வந்த சொந்தம் பதினெட்டுப் பேர். அடுப்பு அணையவில்லை. கிணற்று வாளி ஓயவில்லை. கடைசியில் தண்ணீர் கலங்கிச் சேறாக வந்தது, அதைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்தோம். எச்சில் இலை வாசலில் குவிந்து கிடந்தது. ஈ என்றால் அப்படி ஒரு ஈ. பையனுக்கு ஆறாம் மாதம் நடந்தது. கூட்டம் வடிந்த பிறகு அம்பாள் சந்நிதியில் வைத்து முதல் சோறு ஊட்டலாம் என்றிருந்தோம்.

பந்தியில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் கையை நீட்டினாள்.

"ஏட்டி, இங்கன கொண்டா பயல. பாரு, இலையை எப்படிப் பாக்கான்னு! கண்ணாலயே தின்னுருவான் போல."

"இன்னும் சோறூட்டு ஆவல மதினி."

"ஒரு வாய்தான? பக்கத்துலதான இருக்கா அம்மன், கோவிச்சுக்கிடவா போறா?"

ரசம் ஊற்றிப் பிசைந்து விரல் நுனியால் வாயில் வைத்தாள். அவன் சப்புக்கொட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடியும்போது பேதி. மத்தியானம் வாந்தியும் சேர்ந்துகொண்டது. கோயிலிலிருந்து புற்று மண் கொண்டுவந்து குழைத்து வயிற்றில் பூசினார்கள். கல்லில் ஜாதிக்காயும் மாசிக்காயும் உரைத்து நாக்கில் தடவினார்கள். "பேதி போற பிள்ளைக்குத் தண்ணி காட்டப்படாது, குடுத்தா அம்புட்டும் போயிரும்" என்று என் மாமியார் சொன்னாள். பாலும் வேண்டாம் என்றாள். அவள் ஆறு பிள்ளை வளர்த்தவள். நான் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. அவன் உதடு காய்ந்து, உச்சிக்குழி உள்ளே இறங்கி, கண்ணீர் இல்லாமல் அழுதான். பிறகு அழவும் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டான்.

என்னைப் பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். அம்மன் முன்னால் ஊட்ட வேண்டிய சோற்றை, அவளுடைய திருநாளிலேயே, அவளைக் கேட்காமல் ஊட்டினால் வேறென்ன நடக்கும்? நான் சந்நிதியில் விழுந்து நேர்ந்துகொண்டேன். இன்னொரு பிள்ளை கொடுத்தால் அதன் முதல் சோறு உன் முன்னால்தான். அதுவரைக்கும் ஒரு பருக்கை அதன் வாயில் படாது.

3

நான் கப்பலேறி இங்கே வந்து அடுத்த வருஷம் கோமு பிறந்தாள். எங்கள் ஊர் அம்பாள் பெயர் கோமதி. வேறு பெயர் வைக்கவா முடியும்?

பத்தாம் நாள் வாசலில் ஒரு சீனப் பெண் வந்து நின்றாள். வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து, என் தோள் உயரம். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். அவள் கூட அந்தோணியம்மா என்று ஓர் ஆயா. தூத்துக்குடிக்காரி. மிஸ்ஸி மலாயில் பேசுவாள், ஆயா அதைத் தமிழாக்குவாள். எனக்கு அப்போது மலாயில் ஆறு வார்த்தை தெரியும். ஆறும் மீன்காரனிடம் பேசுகிற வார்த்தை.

கூப்பிடாமல், காசு கேட்காமல், யாரோ ஒருத்தி வீடு தேடி வந்து என் பிள்ளையின் தொப்புளைப் பார்க்கிறாள்; கண்ணைத் துடைக்கிறாள்; எனக்கு இரத்தம் போதாது என்று என் இமையை இழுத்துப் பார்த்தே சொல்லி மாத்திரை தருகிறாள். பத்தியம் என்று சொல்லி நான் கீரையும் பழமும் தொடாமல் இருந்ததை ஆயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுமுறை வரும்போது ஒரு கட்டுக் கீரையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இதெல்லாம் எந்த லோகத்தில் நடக்கிறது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேன்.

பிறகு கிளினிக். செவ்வாய்க்கிழமை தமிழ்ப் பெண்களுக்கு. பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கச் செவ்வாய்தானா கிடைத்தது என்று முதல் வாரம் புலம்பிக்கொண்டே கிளம்பினேன். போனால் அங்கே தராசு.

நம் ஊரில் தராசில் ஏறுவது மிளகாய் வத்தலும் பருத்தியும். பிள்ளையை நிறுப்பது என்றால் அது துலாபாரம். சாமி முன்னால், நேர்ந்துகொண்டு, ஆயுசுக்கு ஒரே தரம். இவர்கள் வாரா வாரம், சட்டையைக் கழற்றி, எல்லார் கண்ணுக்கும் எதிரில், ஒரு தகரத் தொட்டியில் போட்டு நிறுக்கிறார்கள்.

"ஆயாம்மா, நிறுக்காம பாத்துச் சொல்லப்படாதா?"

"ஏட்டி, நீ என்ன கத்திரிக்காய்க் கூறா கொண்டாந்திருக்க, பாத்ததும் மதிப்புச் சொல்ல? போடு பிள்ளைய!"

இடுப்பு வெள்ளிக் கொடியையும் கால் தண்டையையும் மட்டும் கழற்ற மாட்டேன் என்று அழுதேன். பிள்ளையின் இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது. மிஸ்ஸி சிரித்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினாள்.

அட்டையில் நீல மசியால் ஒரு கோடு போடுவாள். வாரம் ஒரு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி கோடு. அது மலை ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. கோமு வளர்வது வீட்டில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தத் தாளில் தெரிந்தது. என் பால்தான் அந்தக் கோடு என்று நினைத்தால் எனக்கே உடம்பு சிலிர்க்கும். சமையல் பண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆறாம் மாதத்தில் மிஸ்ஸி சொன்னாள்: இனிமேல் பால் மட்டும் போதாது, சோற்றைக் குழைத்துக் கொடு, வாழைப்பழம் மசித்துக் கொடு, முட்டை மஞ்சள் கொடு. நான் தலையை ஆட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஆயா கேட்பாள்.

"சோறு குடுக்கியா?"

"குடுக்கேன்."

"திங்காளா?"

"நல்லாத் திங்கா."

4

நான் ஒன்றும் அவளைப் பட்டினி போட நினைக்கவில்லை. ஆறாம் மாதம் ஊருக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. நேரே சந்நிதி, முதல் சோறு, அவ்வளவுதான். ஆனால் அது இங்கே காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் ரயிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்கள் யாருக்கும் லீவு இல்லை என்று உத்தரவு. அதோடு கோமுவின் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, கப்பல் பாஸுக்குக் கொடுத்த தாளில் வேறோர் எழுத்து. இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று ஒருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவளை இரண்டு பிள்ளை என்கிறார்கள்.

அவர் டூட்டி முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போதே வாசலுக்கு ஓடுவேன்.

"என்ன சொன்னாக?"

"அடுத்த மாசம் பாப்போம்ங்காக."

ஏழாம் மாதம் அப்படிப் போயிற்று. எட்டும் போயிற்று.

எட்டாம் மாதத்தில் கோமு எங்கள் வாயைப் பார்க்கத் தொடங்கினாள். நான் சோற்றை எடுத்து வாயில் வைத்தால் அவள் கண் தட்டிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் கூடவே வரும். கையை நீட்டுவாள். மூத்தவன் இலையைப் பார்த்த பார்வை அது. அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடப் பழகினேன். பிள்ளையைப் பின்னால் தலையணை அண்டக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, மெல்லுகிற சத்தம் கேட்காமல் விழுங்குவேன். என் வீட்டுக்காரர் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். சாப்பிட்டதும் எலுமிச்சம் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் அவளைத் தூக்குவார். சோற்று வாசனை அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. ஒரு நாள் கதவைத் திறந்து வெளியே வந்தவர் சொன்னார்:

"ஏளா, நான் திருடித் திங்கித மாதிரி இருக்கு."

"அப்படிச் சொல்லாதீக. இன்னும் ஒரு மாசந்தான்."

முதல் பிள்ளை போனபோது பக்கத்தில் இல்லாதவர் என்பதால் இந்த விஷயத்தில் என்னை எதிர்த்துப் பேசத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்துவிட்டார். பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார்.

நீலக் கோடு மலை ஏறுவதை நிறுத்திவிட்டது. சில வாரம் சமமாகப் போயிற்று. பிறகு லேசாகக் கீழே வளைந்தது. மிஸ்ஸி புருவத்தைச் சுருக்கினாள். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆயா தமிழில் சொன்னாள். எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்காமல் கஞ்சி கொடுத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு புளியங்குடி அக்கா இருந்தாள். அவளிடம் போய், பிள்ளைக்குக் கண்ணேறு, காலில் கனமாக வெள்ளி போட வேண்டும் என்றேன். தன் பையன் போட்டுக் கழற்றிய கெட்டிக் காப்பு இரண்டை எடுத்து வந்தாள்.

"இதைப் போடு. எம் பயலுக்குப் போட்டது. ஆளையே கீழ இழுக்கும். அவன் நடக்கப் படிச்சதே ரெண்டு வயசுலதான், இந்தச் சனியனைத் தூக்க முடியாம!"

அந்த வாரம் தண்டைக்கு மேலே காப்பும் ஏறிற்று. கோடு அரைக்கால் அங்குலம் மேலே போனது. மறுவாரம் இரண்டு தாயத்து. கிளினிக்குக்குக் கிளம்புமுன் ஒரு சங்கு வெந்நீர். நீலக் கோடு ஏறியது. மிஸ்ஸி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அந்த அட்டையைப் பார்த்து நானும் கொஞ்சம் நம்பினேன் என்றால் நம்புவீர்களா? கோடு ஏறுகிறதே, பிள்ளை தேறுகிறது போலிருக்கிறது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. கீழே குனிந்தால் அவள் தொடையில் தோல் பை மாதிரித் தொங்குகிறது.

5

காப்பு உரசி உரசிக் கோமுவின் கணுக்காலில் புண் வந்தது. பதினோராம் மாதம் முடியப் போகிற ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ்ஸி அதைக் கண்டுவிட்டாள். நான் வாயைத் திறக்குமுன் காப்பைக் கழற்றினாள். புண்ணைக் கழுவ வேண்டும் என்று தண்டையையும் கழற்றினாள். மருந்து போடும்போது இடுப்புக் கொடி தடுக்கவே, ஆயா அதையும் உருவிவிட்டாள். அப்படியே தொட்டியில் வைத்தார்கள்.

மிஸ்ஸி தராசுக் குண்டை வழக்கமான இடத்துக்குத் தள்ளினாள். தண்டு எழும்பவில்லை. பின்னால் நகர்த்தினாள். எழும்பவில்லை. இன்னும் பின்னால். ஆயாவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

நான் அடி விழும் என்று நினைத்தேன். போலீஸைக் கூப்பிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். மிஸ்ஸி தராசைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோமுவை இரண்டு கையாலும் தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள். பிறகு அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மலாயில் ஏதோ ஒன்று சொன்னாள். ஒரே வாக்கியம்.

"என்ன சொன்னாக ஆயாம்மா?"

ஆயா என்னை முறைத்துப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"நீ வீட்டுக்குப் போ. நாளைக்கு நாங்க வாரோம்."

அந்த வாக்கியம் என்ன என்று வெகுநாள் கழித்து ஆயாவிடம் கேட்டேன். 'இந்தத் தாய் எதற்கோ பயப்படுகிறாள், எதற்கு என்று நாம் கேட்கவில்லை' என்று சொன்னாளாம். ஏமாற்றியவள் நான். அவள் தன்மேல் குற்றம் சொல்லிக்கொண்டாள். இப்படியும் ஒரு மனுஷியை எந்தத் தாய் பெற்றாளோ.

6

மறுநாள் மத்தியானம். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் டூட்டிக்குப் போயிருந்தார். வருகிறேன் என்றவர்கள் காலையில் வரவில்லை, இனி வரமாட்டார்கள் என்று நினைத்து நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் கோமு. சத்தமே இல்லை. அழத் தெம்பில்லாத பிள்ளை.

எவ்வளவு நேரம் மிஸ்ஸி வாசலில் நின்றாள் என்று தெரியாது. நான் தண்ணீருக்காகத் திரும்பியபோது பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கோமு என் முதுகைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். ஆயாவும் உட்கார்ந்தாள்.

"மிஸ்ஸி கேக்கா: ஏன் சுவரைப் பாத்துச் சாப்பிடுத?"

அந்த ஒரு கேள்விக்கு எல்லாம் வந்துவிட்டது. நேர்த்தி, லீவு, வெள்ளி, 'நல்லாத் திங்கா' என்று சொன்ன பொய். மூத்தவனையும் சொன்னேன். ரசம் சோறு, சிரிப்பு, மூன்று நாள். ஆயா நிறுத்தி நிறுத்தி மலாயில் சொன்னாள். மிஸ்ஸி கேட்டாள்:

"அந்த வீட்டில் வேறு யாருக்கும் பேதி வந்ததா?"

"ரெண்டு பேருக்கு."

"குடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்தீர்களா?"

"இல்ல."

"பேதி போகும்போது பையனுக்குத் தண்ணீர் எவ்வளவு கொடுத்தாய்?"

"குடுக்கல."

மிஸ்ஸி என்னையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். கையை நீட்டி என் முழங்காலில் வைத்தாள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கிளினிக் சுவரில் தமிழில் ஒரு தாள் ஒட்டினார்கள். பேதி போகிற பிள்ளைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு, பாலை நிறுத்தாதே, நாக்கு வறண்டால் உடனே தூக்கிக்கொண்டு வா என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் பையன் சோற்றினால் போகவில்லை. அன்றைக்கு மிஸ்ஸி வாய்வரை வந்தும் சொல்லாமல் விழுங்கியது இதைத்தான். அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை எந்தப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? இப்போதும் அவளைத் தெருவில் கண்டால் என் கை தானாகக் குவிகிறது.

நேர்த்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கோமுவுக்கு நான்கு வயதில் லீவு கிடைத்தது. சந்நிதியில் நின்று அம்பாளிடம் நடந்ததை எல்லாம், ஒரு வரி மறைக்காமல் சொன்னேன். பிரசாதத்தைக் கோமு தானே அள்ளித் தின்றுவிட்டு எனக்கும் ஒரு வாய் ஊட்டினாள். அன்றைக்கு இராத்திரி முழுக்க அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் படுத்தேன். பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். மிஸ்ஸி மெதுவாகப் பேசினாள். ஆயா சொன்னாள்:

"ஏட்டி, மிஸ்ஸி சொல்லுதா: உன் சாமிகிட்ட சொன்னதை மீறுன்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு ஊட்டவும் சொல்லல. நீ சாப்பிடு. திரும்பி உக்காந்து, பிள்ளையைப் பாத்துச் சாப்பிடு. அம்புட்டுத்தான் கேக்கேன்னு சொல்லுதா."

அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆயா என் கையில் சோப்பைக் கொடுத்து இரண்டு தரம் கழுவச் சொன்னாள். பானையிலிருந்து சுடுசோற்றை எடுத்து வேறு தட்டில் போட்டாள். ஈ வராமல் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தாள். நான் திரும்பி உட்கார்ந்தேன்.

மூன்று மாதமாக நான் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

சோற்றை எடுத்தேன். அவள் கண் அதன் கூடவே வந்தது. வாயில் வைத்து மென்றேன். அவளும் மென்றாள். வெறும் வாய். உள்ளே ஒன்றும் இல்லை. நான் மெல்ல மெல்ல அந்தச் சின்னத் தாடையும் அசைகிறது. நான் விழுங்கினேன். அவள் தொண்டையும் ஏறி இறங்கிற்று. மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மென்றாள், விழுங்கினாள். யார் சொல்லிக்கொடுத்தது? என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. என் தோள் அசைவதை, காது பக்கம் தசை அசைவதைப் பார்த்தே அத்தனையும் படித்து வைத்திருக்கிறாள். அந்தக் காய்ந்த உடம்புக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு, வரும், வரும் என்று ஒவ்வொரு நாளும் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அம்மன் சங்கரன்கோவிலில் மட்டுமா இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எனக்கு எதிரில் மெல்லுகிறவள் யார்?

மூன்றாவது வாயை எடுத்தேன். அது என் வாய்க்கு வரவில்லை.

விரல் நுனியில் மசித்து அவள் உதட்டருகே கொண்டுபோனேன். ஆயா என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். கோமு அவசரப்படவில்லை. என் விரலை ஒரு முறை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மென்றாள். நிறுத்தினாள். கண்ணை அகல விரித்தாள். விழுங்கினாள்.

மிஸ்ஸி மூன்று விரலைக் காட்டினாள். இன்னும் மூன்று வாய், அதற்கு மேல் இன்றைக்கு வேண்டாம், காய்ந்த குடல் தாங்காது. மூன்றையும் கொடுத்தேன். தட்டை மூடி எடுத்து மேலே வைத்தேன். அவ்வளவுதான், அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம்! முனகக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த பிள்ளை, முகம் சிவந்து, கையையும் காலையும் உதைத்து, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி வீறிட்டு அழுதாள். மிஸ்ஸி உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். புளியங்குடி அக்கா அகப்பையும் கையுமாக ஓடி வந்து வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"ஏட்டி, பிள்ளைக்கு என்ன? என்னத்துக்கு இப்படி அழுதா?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன். "இன்னும் சோறு கேக்கா."